அரசாங்கத்தின் காசு என்று யார் சொன்னது?

டீசலில் கொஞ்சம் மலிவான மண்ணெண்ணெய் கலந்தால் யாருக்கு என்ன நட்டம்? அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்தில் யாரும் இதைப் பதில் தேடிக் கேட்பதில்லை. பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். பழைய இஞ்சின் எதை ஊற்றினாலும் குடிக்கும், வண்டிக்கு ஒன்றுமில்லை. போனால் அரசாங்கத்தின் காசு போகிறது, அதுவும் நம்மிடம் பிடுங்கிய காசுதானே. வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறிக்காரர் இதைச் சொல்கிறார், பாடசாலை வேன் ஓட்டுபவர் சொல்கிறார், கராஜ் பாஸ் சொல்கிறார். வாகனமே இல்லாத வாத்தியார்மார்கூடத் தலையாட்டுகிறார்கள். ஊரே நம்பும் ஒன்றை மறுப்பவன் உலகம் தெரியாதவன் ஆகிவிடுவான். ஆனாலும் பரவாயில்லை. இது பச்சைப் பொய்.

வண்டியிலிருந்து தொடங்குவோம். மலைநாட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் டொல்பின் ஹைஏஸ் வேனின் டீசல் பம்புக்குத் தனி ஒயில் கிடையாது. உள்ளே இருக்கும் பிளஞ்சர், கேம் தட்டு, உருளைகள் எல்லாம் டீசலிலேயே முழுகி, அந்த டீசலின் வழுவழுப்பிலேயே தேயாமல் ஓடுகின்றன. பிளஞ்சருக்கும் அது ஓடும் துவாரத்துக்கும் இடையில் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான் இடைவெளி. மண்ணெண்ணெய் டீசலை விட மெல்லியது, வழுவழுப்பும் குறைந்தது. அந்த நூலிழை இடைவெளியில் அது நிற்காது. இரும்போடு இரும்பு உரசும். அப்படி ஓடிய பம்பைக் கழற்றி பிளஞ்சரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பளபளவென்றிருக்க வேண்டிய இடத்தில் நீளவாக்கில் கோடு கோடாகக் கீறல் இருக்கும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். பம்பின் அடியில் சாம்பல் நிறத்தில் இரும்புப் பொடி படிந்திருக்கும்.

இது ஒரே நாளில் நடப்பதில்லை. அதனால்தான் பொய் நிலைத்து நிற்கிறது. முதல் தடவை கலந்தபோது வண்டி நன்றாகவே ஓடியது, புகைகூடக் குறைந்தது. மண்ணெண்ணெய்க்குக் கரும்புகை குறைவு என்பது உண்மைதான். புகைப் பரிசோதனைக்குப் போகும் முன் அதைக் கலப்பவர்களும் உண்டு. மாதங்கள் கழித்து வேறொரு கோளாறு தொடங்கும். காலையில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, ஏற்றம் ஏறிச் சூடாகி நிறுத்தினால் திரும்பப் பிடிக்காது. தேய்ந்த பம்பில் சூடான எண்ணெய் இன்னும் மெல்லியதாகி இடைவெளி வழியே கசிந்துவிடும், நொசிலுக்கு அமுக்கம் போதாது. சாரதி பற்றரியைக் குறை சொல்வார், ஹீட்டர் பிளக்கை மாற்றுவார், ஸ்டாட்டரைக் கழற்றுவார். மண்ணெண்ணெயைத் தவிர எல்லாவற்றின் மீதும் சந்தேகம் வரும்.

டொல்பினாவது தாங்கித் தாங்கி ஓடும். புதிய கே.டி.எச். வேன்களின் கொமன் ரெயில் பம்பு, வளிமண்டல அமுக்கத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் டீசலை அமுக்கி அனுப்புவது. அதில் இந்த வேலையைக் காட்டினால் பம்பும் நாலு இன்ஜெக்டரும் சேர்ந்து வைக்கும் செலவு லட்சத்தைத் தாண்டும். அது வரும்போது, லீற்றருக்குச் சேமித்த ரூபாவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

இதற்கும் மருந்து இருப்பதாகச் சொல்வார்கள்: கொஞ்சம் இஞ்சின் ஒயில் ஊற்றினால் வழுவழுப்பு வந்துவிடுமாம். இஞ்சின் ஒயில் எரிவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதில் சேர்த்திருக்கும் துத்தநாகமும் கல்சியமும் எரிந்து சாம்பலாகி நொசிலின் வாயிலும் வால்விலும்தான் ஒட்டும். இன்னொரு கூட்டம் கனடாவைக் காட்டும். அங்கே பனிக்காலத்தில் டீசலில் மண்ணெண்ணெய் கலக்கிறார்களே, உறவுக்காரர் சொன்னாரே! கலக்கிறார்கள்தான். பூச்சியத்துக்கு இருபது பாகை கீழே டீசலில் மெழுகு கட்டி வடிகட்டியை அடைத்துக்கொள்ளும் என்பதால், எண்ணெய்க் கம்பனியே வழுவழுப்பு மருந்து சேர்த்து, அளந்து கலந்து விற்கும் எண்ணெய் அது. அமெரிக்க இராணுவம் டீசல் வண்டிகளில் ஊற்றும் ஜே.பி. 8 என்ற விமான எண்ணெயும் மண்ணெண்ணெய் வகைதான். அதிலும் அந்த மருந்து கட்டாயம். தோட்டத்துக் கடையில் கேனில் வாங்கி, புனல் வைத்து ஊற்றுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அப்புத்தளைக் குளிர் ஸ்வெட்டர் போடும் குளிர். டீசல் உறையும் குளிரல்ல.

உறைவது தேங்காய் எண்ணெய். அதையும் டாங்கியில் ஊற்றலாம் என்பார்கள். டீசல் இஞ்சின் கடலை எண்ணெயிலேயே ஓடியது, 1900இல் பாரிஸ் கண்காட்சியிலேயே காட்டினார்களே என்று யாராவது புத்தகம் படித்தவர் சொல்வார். உண்மைதான். ஆனால் அது ஆற அமர ஓடிய கண்காட்சி இஞ்சின். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் கட்டியாகிவிடும், தலைக்கு வைக்கும் போத்தலை வெயிலில் வைத்து உருக்கும் ஊர் இது. பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி டாங்கியில் ஊற்றுவதும் பயோடீசல் அல்ல. மெதனோலும் காரமும் சேர்த்து வினைப்படுத்தி, கிளிசரினைப் பிரித்து, கழுவி உலர்த்திய பிறகே அது பயோடீசல். பிலிப்பைன்ஸ் 2007 முதல் தேங்காய் எண்ணெயிலிருந்து இப்படிச் செய்த எண்ணெயைச் சட்டம் போட்டு டீசலில் சேர்த்து வருகிறது. எனக்கு அதில் ஒரு சண்டையும் இல்லை. மலிவு எண்ணெய் எல்லாவற்றுக்கும் பயோடீசல் என்று பெயர் வைத்துப் பூசி மெழுகுவதில்தான் சண்டை.

சரி, உங்கள் வண்டி, உங்கள் பம்பு. நாசமாக்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். பெரகலையிலிருந்து ஏறும் கொண்டை ஊசி வளைவில், மூடுபனிக்குள், ஆள் நிறைந்த பஸ்ஸின் இஞ்சின் திடீரென்று நின்றால் பிரேக்குக்குக் காற்று அடிக்கும் கம்பிரசரும் சேர்ந்தே நிற்கும் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காசு. எனக்கு உண்மையான கோபம் அதில்தான்.

2021 டிசெம்பர் கடைசியில் ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபா. வித்தியாசம் 34 ரூபா. 2022 ஜூன் 26இல் டீசல் 460 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெய் அதே 87 ரூபா. ஆறே மாதத்தில் இடைவெளி 373 ரூபா! கலப்படத்துக்கு இதைவிடப் பெரிய அழைப்பிதழை எந்த அரசாங்கமும் அச்சடித்ததில்லை. பத்து லீற்றரில் மூன்று லீற்றர் மண்ணெண்ணெய் ஊற்றினால் ஆயிரத்து நூறு ரூபா மிச்சம். எரிபொருளே இல்லாமல் நாட்கணக்கில் வரிசையில் கிடந்த காலம் அது. தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றிப் போக, கையில் கிடைத்ததை ஊற்றியவரை நான் குற்றம் சொல்ல வரவில்லை. குற்றம், அதையே தொழிலாக்கியவர்கள் மேல்.

அந்த 87 ரூபா விலை யாருக்காக இருந்தது? தோட்ட லயத்துக் குடும்பத்துக்கும், மண்ணெண்ணெய் இயந்திரப் படகில் கடலுக்குப் போகும் மீனவருக்கும். இப்போது பெரும்பாலான லயங்களில் மின்சாரம் இருக்கிறது. யாருக்கு மண்ணெண்ணெய் வேண்டும் என்று நகரத்திலிருப்பவர்கள் கேட்பார்கள். தம்பேதன்னைத் தோட்டத்தில் ஒரு மழை நாள் தங்கிப் பார்த்தால் தெரியும். ஈர விறகு தீப்பிடிக்க மண்ணெண்ணெய் வேண்டும். காற்றுக்கு வயர் அறுந்தால் குப்பி விளக்குக்கு மண்ணெண்ணெய் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாடே ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் இருட்டில் கிடந்தது, கேஸ் சிலிண்டர் கண்ணில் படவில்லை. அதே காலத்தில் மசகெண்ணெய் இல்லாமல் சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் அடிக்கடி மூடப்பட, மண்ணெண்ணெயே அருமையாகிவிட்டது. கொழுந்து பறிக்கும் நாளை விட்டுவிட்டு, வெறும் கேனோடு பெற்றோல் செட் வாசலில் காத்து நின்றவர்கள் தோட்டத்துப் பெண்கள். அவர்களுக்கு முன்னால் தீர்ந்துபோன எண்ணெயில் ஒரு பங்கு எந்தெந்த டாங்கிகளுக்குள் போனது என்பதைக் கலந்தவர்களின் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

பிறகு நடந்தது இது. 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவு, மண்ணெண்ணெய் ஒரே தாவலில் 253 ரூபா ஏறி 340 ரூபாவானது. மானிய விலை உரியவர்களைச் சேரவில்லை, செலவுக்கேற்ற விலை வேண்டும் என்பது ஆட்சியாளர் வாதம். தோட்டக் குடும்பங்களுக்கும் மீனவருக்கும் நேரடி நிவாரணம் தரப்படும் என்ற வாக்குறுதியும் கூடவே வந்தது. கலப்படம் ஒன்றுதான் விலையை ஏற்றியது என்று நான் சொல்லவில்லை. திறைசேரி வெறுமையாகிக் கிடந்தது, சர்வதேச நாணய நிதியம் வாசலில் நின்றது, 87 ரூபா எப்படியும் நிலைத்திருக்காது. ஆனால் ஏழையின் மானியத்தை வெட்ட நினைப்பவனுக்கு "அது களவு போகிறது" என்பதைவிட நல்ல சாட்டு வேறென்ன வேண்டும்? அந்தச் சாட்டைக் கலப்படக்காரர்கள் சும்மா தூக்கிக் கொடுத்தார்கள். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் முன்பு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே இரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானது. லொறிக்காரருக்கு என்ன ஆனது? இடைவெளி 90 ரூபாவாகச் சுருங்கியது, அவர் டீசலுக்குத் திரும்பிவிட்டார். லயத்துக்குத் திரும்புவதற்கு வேறு எண்ணெய் இல்லை.

அரசாங்கத்தின் காசுதானே என்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

இது நமக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. இந்தியாவில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டார்கள், டீசலில் கலந்தால் தெரியட்டும் என்று. சாயத்தை நீக்கவும் வழி கண்டுபிடித்தார்கள். 2006இல் சாயத்துக்கு மேலாக இரசாயன அடையாளம் ஒன்றைச் சேர்த்துப் பார்த்து, அதையும் கைவிட்டார்கள். கலப்படப் பெற்றோல் நிலையத்தைக் கண்டித்த இந்தியன் ஒயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் 2005 நவம்பரில் உத்தரப் பிரதேச லகிம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரியில் மகாராஷ்டிர மன்மாட்டில், எண்ணெய்க் களவைப் பார்த்துவிட்ட மேலதிக கலெக்டர் யஷ்வந்த் சோனாவணேயை உயிரோடு எரித்தார்கள். யாருக்கும் நட்டமில்லாத தொழிலுக்கு இத்தனை பிணம் எதற்கு? பின்னர் 2016இலிருந்து மாதத்துக்கு 25 பைசா என்று ஏற்றத் தொடங்கி, ரேஷன் மண்ணெண்ணெயின் மானியத்தையே மெல்ல மெல்லக் கரைத்துவிட்டார்கள். அங்கேயும் கடைசிச் செலவு அட்டைக்காரருடையது.

அயர்லாந்து எல்லைக் கிராமங்களின் கதை சற்று வேறு. விவசாயத்துக்கென்று வரி குறைத்துச் சாயமிட்ட டீசலை அமிலத்தில் வெளுத்து, வீதி வண்டிகளுக்கு விற்றார்கள். அங்கே முதல் நட்டம் திறைசேரிக்குத்தான் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வெளுத்தபின் மிஞ்சும் அமிலச் சேற்றை வீதியோரத்திலும் ஓடைப் பக்கத்திலும் கொட்டிவிட்டுப் போனார்கள். அதை அள்ளும் செலவு ஊர்ச் சபைகளின் தலையில். 2015இல் பிரித்தானியாவும் அயர்லாந்தும் வெளுக்க மிகக் கடினமான புது அடையாளத்தைச் சேர்த்த பிறகுதான் அந்தத் தொழில் படுத்தது.

அரசாங்கத்தையும் சும்மா விட முடியாது. ஒரே பவுசர் கொண்டுவரும் இரண்டு எண்ணெய்க்கு மலைக்கும் மடுவுக்குமான விலை வைத்துவிட்டு, கலப்படம் நடக்காது என்று இருப்பது கண்ணை மூடிக்கொண்டு காவல் காப்பது. 2018 மே மாதமும் இப்படித்தான்: 44 ரூபா மண்ணெண்ணெயை ஒரே இரவில் 101 ஆக்கினார்கள், கூச்சல் எழுந்ததும் அடுத்த மாதமே 70க்கு இறக்கினார்கள். தோட்டத்துக்கு வேண்டியது விலையில் ஊஞ்சலாட்டம் அல்ல. லீற்றருக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதுவதற்குப் பதிலாக, குடும்பத்துக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்திருந்தால், லொறி அதைக் குடித்திருக்க முடியாது. அந்த யோசனை 2022 ஓகஸ்ட் அறிவிப்பிலேயே இருந்தது. விலையை ஏற்றுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியதைப் பின்னால் வாக்குறுதியாகத் தந்தார்கள்.

2025இலும் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் லீற்றருக்கு நூறு ரூபாவளவு வித்தியாசம் இருந்தது. ஆகையால் இது பழங்கதையும் அல்ல.

கடைசியாக, கலப்படத்தை வாழ்க்கைப் போராட்டம் என்று நியாயப்படுத்தும் தனியார் பஸ் முதலாளிமாரிடம் ஒரு கணக்குக் கேட்கிறேன். பஸ் கட்டணம் டீசல் விலையையும் வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. டீசல் 460 ஆன சில நாளிலேயே, 2022 ஜூலை தொடக்கத்தில் கட்டணம் சுமார் 22 வீதம் உயர்ந்து, குறைந்த கட்டணம் 40 ரூபாவானது. கூடையோடு ஏறிய தோட்டத்துக்காரி அந்த 40 ரூபாவைக் கொடுத்தாள். அவள் கொடுத்தது டீசலுக்கு. கலந்து ஓடிய பஸ்ஸின் டாங்கியில் இருந்ததில் ஒரு பங்கோ, அவளுக்கென்று 87 ரூபாவுக்கு ஒதுக்கிய மண்ணெண்ணெய். வித்தியாசத்தில் எத்தனை சதம் அவளுக்குத் திருப்பிக் கொடுத்தீர்கள்?