ஆளில்லாத நிலமா, ஆளகற்றிய நிலமா?

ஸ்கொட்லாந்து நாட்டின் வடகோடியில் சதர்லாந்து என்றொரு மாவட்டம் உண்டு. பரப்பில் எமது முல்லைத்தீவு மாவட்டத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அங்கு வாழ்வோரோ ஏறத்தாழ 13,000 பேர்தான். ஒரு சதுர கிலோமீற்றருக்கு மூன்று பேர்கூட இல்லை. வடக்கே கிடக்கும் இந்நிலத்துக்குத் 'தென்னாடு' என்று பொருள்படும் பெயர் வந்தது ஒரு வேடிக்கை. அதற்கும் வடக்கேயுள்ள தீவுகளிலிருந்து வந்த நோர்வே மக்கள் வைத்த பெயர் அது. பெயர் வைப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தே திசையும் அமைகிறது.

அதன் படத்தை விரித்துப் பார்த்தால், கமம் தெரிந்த எவருக்கும் ஒரு கேள்வி எழவேண்டும். கிழக்குக் கரையில் டோர்னொக், கோல்ஸ்பி, புறோறா, ஹெல்ம்ஸ்டேல். வடகரையில் டேர்னெஸ், ரங், பெற்றிஹில். மேற்கில் மீன்பிடித் துறைகளான லொக்கின்வர், கின்லொக்பேர்வி. ஊர்கள் யாவும் கடலோரத்தில் ஒட்டிக்கிடக்கின்றன. உள்ளே பெயர் சொல்லத்தக்க ஊர் லேர்க் ஒன்றுதான். மற்றப்படி குன்றுகளும், வெட்டிக் காயவைத்தால் விறகுபோல் எரியும் கரிமண் சதுப்புகளுமே. ஆனால் நல்ல வண்டல் மண் இருப்பது ஆற்றுப் பள்ளத்தாக்குகளில். கரையிலே கல்லும் உப்புக்காற்றும். அப்படியிருக்க, சனம் ஏன் கரையிலும் செம்மறி ஆடு பள்ளத்தாக்கிலும் இருக்கின்றன?

இது இயற்கை செய்த ஏற்பாடு அல்ல. 1811 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அம்மாவட்டத்தில் 23,000 பேருக்கு மேல் இருந்தனர். ஸ்ட்ரத்நேவர் போன்ற பள்ளத்தாக்குகளில் கேலிக் மொழி பேசிய குடும்பங்கள் பார்லியும் ஓட்சும் விதைத்து, கோடையில் மாடுகளை மேட்டு மேய்ச்சலுக்கு ஓட்டிச் சென்று வாழ்ந்தன. நிலத்தின் பெரும்பகுதி சதர்லாந்துச் சீமாட்டி எலிசபெத், அவர் கணவர் ஆகியோரின் ஆட்சியில் இருந்தது. கம்பளி விலை ஏறியபோது மனிதரின் வாடகையைவிடச் செம்மறிப் பண்ணையின் வாடகை பெரிதாகத் தெரிந்தது. 1814 இலும் 1819 இலும் ஸ்ட்ரத்நேவரில் குடும்பங்கள் கூட்டமாக வெளியேற்றப்பட்டன. திரும்பி வந்து கூரை போடாதபடி வீட்டு மரங்கள் கொளுத்தப்பட்டன. 1814 இல் இதை நடத்திய காரியஸ்தர் பற்றிக் செல்லார் அதே நிலத்தில் தாமே செம்மறிப் பண்ணைக் குத்தகையும் எடுத்திருந்தார். 1816 இல் இன்வர்னெஸ் நகரில் அவர்மேல் நடந்த வழக்கில் அவர் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பாயிற்று.

வெளியேறியோருக்குக் கரையிலே இரண்டு மூன்று ஏக்கர் துண்டுகள் அளந்து கொடுக்கப்பட்டன. அதில் ஒரு குடும்பம் சீவிக்க முடியாது என்பது அளந்தவர்களுக்குத் தெரியும். எமது சூடையைப் போன்ற ஹெரிங் மீன் பிடிக்க அவர்கள் கடலில் இறங்கவேண்டும் என்பதே திட்டம். வலை பிடித்தறியாத கமக்காரர்! இதற்கு அன்று வைத்த பெயர் 'அபிவிருத்தி'. அபிவிருத்திச் சஞ்சிகையொன்றில் எழுதும்போது இச்சொல்லை நான் சற்றுத் தயக்கத்தோடேயே கையாளுகிறேன்.

திருச்சபை எங்கே நின்றது என்பதையும் மறைக்கலாகாது. பங்குக் குருமாரை நியமிப்பதில் நிலப்பிரபுவுக்கே அதிகாரம் இருந்தது. அவர்களிற் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. வெளியேறும் கட்டளையை மக்களின் மொழியில் விளக்கிச் சொன்னவர்களும் அவர்களிடையே இருந்தனர். 1843 இல் மக்கள் பெருந்தொகையாகப் பிரிந்து சுயாதீன திருச்சபையாகச் சென்றபோது, அவர்களுக்குக் கோயில் கட்ட நிலம் கொடுக்க அதே நிலப்பிரபுவின் குடும்பம் முதலில் மறுத்தது. முகாமிலே எமது ஆலயங்கள் என்ன செய்தன, என்ன செய்யவில்லை என்று எண்ணுகையில் இந்த வரலாறு உறுத்தவே செய்கிறது.

1886 இல் வந்த சட்டம் சிறுகுத்தகைக் கமக்காரரை நினைத்தபடி எழுப்ப முடியாதெனத் தடுத்தது. நியாயமான வாடகையையும் பிள்ளைகளுக்குக் கையளிக்கும் உரிமையையும் தந்தது. ஆனால் பறிபோன பள்ளத்தாக்குகளை அது திருப்பித் தரவில்லை. அதற்குள் பலர் கனடாவுக்குக் கப்பலேறிப் பேரப்பிள்ளையும் கண்டிருந்தனர்.

மேற்கே அசின்ற் பகுதியில் நடந்தது வேறு. அங்கிருந்த 21,000 ஏக்கர் வட லொக்கின்வர் பண்ணை ஒரு வெளிநாட்டுக் கம்பனியிடம் இருந்தது. கம்பனி முறிந்ததும் 1992 இல் அதை ஏழு துண்டாக விற்க ஏற்பாடாயிற்று. அங்குள்ள 13 சிற்றூர்களின் கமக்காரர் ஒன்றுகூடி நிதி சேர்த்தனர். குத்தகைத் துண்டைப் பதினைந்து வருட வாடகைக்குச் சமமான விலையில் தனித்தனியே வாங்க 1976 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு இடமளித்திருந்தது. வெளியார் எவரேனும் பண்ணையை வாங்கினால் நாம் ஒவ்வொருவரும் அந்த உரிமையைப் பாவிப்போம், உங்களுக்கு வெறும் கோதுதான் மிஞ்சும் என்று சொல்லிவிட்டனர். 1993 பெப்ரவரியில் 300,000 பவுணுக்குப் பண்ணை அவர்களின் பொது நிதியத்துக்கு வந்தது. தனியுரிமையை ஆயுதமாகக் காட்டினார்கள். காணியையோ பொதுவில் வைத்தார்கள். விற்க விருப்பமில்லாத உரிமையாளரிடமிருந்தும் இத்தகைய சமூகங்கள் காணியை வாங்கலாம் என 2003 இல் ஸ்கொட்லாந்துச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

இதனால் சதர்லாந்து நிரம்பிவிட்டதா? இல்லை. பெரிய வைத்தியசாலை இன்வர்னெஸ் நகரில். வடகரையிலிருந்து ஏறத்தாழ நூறு மைல். இளையோர் படிக்கப் போனால் திரும்புவது அரிது. நல்ல வீடுகளை விடுமுறைக்கு வருவோர் வாங்கிவிடுகிறார்கள். காணி கையில் வந்தாலும் பாடசாலை, வைத்தியசாலை, பாதை இல்லையேல் சனம் தங்காது. எமது மீள்குடியேற்றக் கிராமங்களில் விதைநெல்லும் தகரமும் கொடுத்துவிட்டு வேலை முடிந்ததாகக் கணக்கு மூடுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

தலைமுறை ஒன்று கழிந்தது, பிள்ளைகள் இனி மண்வெட்டி பிடிப்பார்களா, பிறகேன் காணிக் கதை என்று எம்மவரே கேட்பதுண்டு. நான் இதை ஒத்துக்கொள்ளேன். பிள்ளை விதைப்பதா விடுவதா என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும்; ஆளில்லை என்று சொல்லி வேறொருவர் தீர்மானிக்கலாகாது. வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துள் உரிமை காட்டாவிடின் அவை அரசுக்காகும் என 2025 மார்ச் 28 ஆம் திகதி வர்த்தமானி வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். எதிர்ப்பும் வழக்கும் எழுந்தபின் அது மீளப்பெறப்பட்டது. ஆனால் அந்த மூன்று மாதத்தில், முகாமில் உறுதியைத் தொலைத்தவரும் வெளிநாட்டில் இருப்பவரும் எதைக் காட்டியிருக்க முடியும்?

ஆகவே வீட்டில் எழுபது கடந்த ஒருவர் இருந்தால் இந்த மழைக்காலத்திலேயே அவரோடு இருந்து எழுதுங்கள். வயலின் பெயர், குளத்தின் பெயர், எந்த மதகால் தண்ணீர் வந்தது, நான்கு எல்லையிலும் யார் யார், கிணறு எந்த மூலையில், வேலியில் பூவரசா கிளுவையா, கடைசியாக விதைத்த போகம் எது. பெர்மிற் இலக்கம் நினைவிருந்தால் அதையும். எல்லைக்காரர் வேறு ஊரில் இருந்தால் அவரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டில் வைத்து, மற்றதை உங்கள் கமக்காரர் அமைப்பிடம் கொடுத்து, ஊர் ஊராகக் கோவையில் சேர்க்கச் சொல்லுங்கள்.