முதல் ஜெபம்

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். பரலோக மந்திரத்தை அங்கே ஆண்டவருக்கு 'வூ' போட்டுத்தான் ஒப்பிப்போம். 1966-இல் பிரெஞ்சு ஜெபத்தில் அது 'த்யு' ஆயிற்று. பெரிய துரையை 'நீ' என்று கூப்பிட்ட மாதிரி எனக்குக் கூச்சம்!

பிறகு அரசாங்க குமாஸ்தா வேலை. என் ஜெபமும் மனுவாகவே போனது: ஐயா, பொருள், பணிவுடன்.

மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த ஓர் இரவில்தான், "என்ன சாமி, இப்படிப் பண்றியே?" என்று வாயில் தமிழ் வந்தது. அதுவே என் முதல் ஜெபம் என்பேன். சங்கீதங்களிலும் எத்தனையோ முறையீடுதானே? ஞானோபதேச வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒப்பிக்க மட்டும் கற்றுக்கொடுக்கிறோம். ஆண்டவரிடம் முறையிடவும் சொல்லிக்கொடுங்கள்.

அவள் பிழைக்கவில்லை. இன்றும் இரவில் முதலில் சண்டை. பிறகுதான் பரலோக மந்திரம், அதுவும் 'வூ' போட்டே.