'புதுசா என்ன பண்ணினே?' என்று கேட்பவர்களுக்கு...

என் தங்கை இன்ஜினியரிங் படித்தவள். சரவணம்பட்டி பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் பத்தாவதோடு நின்றவள். போத்தனூரில் வீடு, பிள்ளைகள், சமையல் என்று இருப்பவள். அவள் வேலையைப் பற்றிப் பேச எனக்கு என்ன தெரியும் என்று இத்தனை நாள் சும்மா இருந்தேன். போன மாதம் அவள் என் மடியில் தலை வைத்து அழுத பிறகு, எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிரசவ லீவு முடிந்து போனவளுக்கு, யாரும் தொட விரும்பாத ஒரு பழைய புரோகிராமைத் தலையில் கட்டி விட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதியதாம். அதன்பின் ஏழெட்டுப் பேர் ஆளாளுக்கு ஒட்டுப் போட்டுவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். எது எதற்கு என்று ஒரு குறிப்பும் கிடையாது. "ஒரு எடத்துல கை வெச்சா, சம்பந்தமே இல்லாத எடத்துல புட்டுக்குதுக்கா" என்பாள்.

எனக்கு என் மாமியார் வீட்டுச் சமையலறைதான் ஞாபகம் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று, மூலையில் அழுக்காகக் கிடந்த ஒரு செங்கல்லைத் தூக்கி வெளியே போட்டேன். அன்று ராத்திரியே சலதாரை வழியாகப் பெருச்சாளி உள்ளே வந்து, அரிசி மூட்டையைக் குதறிவிட்டது. "அம்மிணி, அந்தக் கல்லை நான் சும்மா வெக்கலை கண்ணு. எடுக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றார் அத்தை.

எனக்காவது கேட்க அத்தை இருந்தார். என் தங்கைக்கு யாரும் இல்லை. ஒவ்வொரு வரியும் எந்தப் பெருச்சாளிக்காக வைத்த செங்கல் என்று அவளேதான் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு மாதம் பாடுபட்டாள். அடிக்கடி நின்றுபோன புரோகிராம் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. நடுராத்திரியில் போன் வருவது நின்றுவிட்டது. ஆனால் சம்பள உயர்வு பேசும்போது மேலதிகாரி கேட்டாராம், "பழசைத்தானே பார்த்துக்கிட்டீங்க, புதுசா என்ன பண்ணினீங்க?" என்று.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதா தோழிகளே? "வீட்டுல சும்மாதானே இருக்கே" என்பதும் இதே கேள்விதான். முந்நூறு நாள் ருசியாகச் சமைத்தால் யாருக்கும் தெரியாது. ஒருநாள் உப்பு கூடினால் ஊருக்கே தெரியும்!

1999 கடைசியில் 'ஒய் டூ கே' என்று பேப்பரிலெல்லாம் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நான் சின்னப் பெண். அது என்னவென்று இப்போது தங்கை சொல்லித்தான் புரிந்தது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் இடத்தை மிச்சம் பிடிக்க, 1975 என்பதை 75 என்று மட்டும் எழுதி வைத்தார்களாம். 2000 பிறந்ததும் அது 00 ஆகிவிடும். கம்ப்யூட்டர் அதை 1900 என்று எடுத்துக்கொண்டால் வட்டி, பென்ஷன், பில் எல்லாக் கணக்கும் தாறுமாறு. அதனால் உலகம் முழுக்க, யாரோ எழுதிய பழைய வரிகளைத் தேடித் தேடித் திருத்தினார்கள். நம் நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அந்த வேலை பார்த்தார்கள். நம் கம்பெனிகளுக்கு வெளிநாட்டில் பெயர் கிடைக்க அதுவும் ஒரு காரணமாம்.

2000 ஜனவரி 1 பெரிய சேதமில்லாமல் விடிந்தது. உடனே, "ஒண்ணுமே நடக்கலையே, வீண் பயம் காட்டிட்டாங்க" என்றார்கள். ஒன்றும் நடக்காமல் பார்த்துக் கொண்டதுதானே ஐயா அவர்கள் செய்த வேலை!

கொரோனா வந்த 2020 ஏப்ரலில் அமெரிக்காவிலேயே என்ன ஆனது தெரியுமா? நியூஜெர்சியில் வேலை போனவர்கள் உதவித்தொகைக்கு மொத்தமாக மனுப்போட, 40 வருடத்துக்கு மேற்பட்ட பழைய கம்ப்யூட்டர் ஏற்பாடு திணறிவிட்டது. 'கோபால்' தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று கவர்னரே கேட்டார். கோபால் என்றால் நம்ம ஊர் ஆள் இல்லீங்க, 1959இல் உருவான கம்ப்யூட்டர் மொழி! பழசைப் பார்த்துக்கொள்பவரின் அருமை, அது நின்றுபோனால்தான் தெரியுமா?

எங்கள் அம்மா, "வேலையை விட்டுப்போட்டு குழந்தையைப் பார்த்துக்கிட்டு சும்மா இரு" என்கிறார். நான் கூடாது என்றேன். "முன்னே மாசத்துக்கு எத்தனை தடவை நின்னுச்சு, இப்ப எத்தனை தடவைன்னு எழுதிக் கொண்டுபோய்க் குடு" என்றேன். எழுதிக் கொடுத்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. அடுத்து வருபவர் தன்னைப்போல் தவிக்கக் கூடாது என்று, எந்த வரி எதற்கு என்றும் குறித்து வைக்கிறாள்.

ஆபீசில் மேலே இருப்பவர்களே, வீட்டில் இருக்கும் ஆண்களே! புதிதாகச் செய்ததை மட்டும் கேட்காதீர்கள். கெடாமல் காத்ததையும் கேளுங்கள். சம்பளம் போடும்போது அதையும் கணக்கில் சேருங்கள். நான் சொல்வது சரிதானே தோழிகளே?

— ஒரு வாசகி, போத்தனூர்.