முகப்பருவுக்குக் காரணம் உங்கள் க்ரீமா? லேபிளில் எதைப் பார்க்கணும், எதை நம்பக் கூடாது?

வயது 28. ஸ்கூல் படிக்கும்போது வராத பரு இப்போது தாடையில் வருகிறது. பாத்ரூம் அலமாரியில் ஃபேஸ்வாஷ், டோனர், சீரம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் என்று ஏழெட்டு பாட்டில்கள். அதில் பாதி, பருவுக்காகவே வாங்கியவை. 'இதில் ஏதோ ஒன்றுதான் வேலையைக் காட்டுகிறது' என்று உங்களுக்குச் சந்தேகம். ஆனால் எது?

நெட்டில் தேடினால் இரண்டு விடை கிடைக்கும். ஒன்று, ஒவ்வொரு பொருளுக்கும் 0 முதல் 5 வரை மார்க் போட்ட பட்டியல். இன்னொன்று, டப்பாவின் முன்பக்கம் 'நான்-காமெடோஜெனிக்', அதாவது 'துளைகளை அடைக்காது' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள் என்ற அறிவுரை. இரண்டையும் அப்படியே நம்ப முடியாது. ஏன், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். லிஸ்ட்டிலேயே கண்ணில் படாமல் பருவைக் கிளப்பும் ஒரு பொருளும் இருக்கிறது. இந்தியாவில் நிஜமான ஆபத்து அதில்தான்.

முதலில், க்ரீம்தான் காரணமா?

25 வயதுக்கு மேல் வரும் அல்லது தொடரும் பருவை மருத்துவர்கள் 'அடல்ட் ஆக்னே' என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். ஹார்மோன் மாற்றங்கள், பிசிஓஎஸ், பரம்பரை, சில மாத்திரைகள் என்று காரணங்கள் பல. க்ரீம் அதில் ஒன்று மட்டுமே. அதனால் முதலில் இரண்டு தடயங்களைப் பாருங்கள்.

ஒன்று, இடம். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் தாடையில், வலியோடு ஆழமாக வரும் கட்டிகள் என்றால் ஹார்மோன் மேல்தான் முதல் சந்தேகம். நெற்றியில் முடி தொடங்கும் ஓரத்திலும், காதுக்கு முன்னாலும் பொடிப் பொடியாக வந்தால் தலைக்குப் போடும் எண்ணெய், சீரம், ஹேர் க்ரீம் ஆகியவற்றைப் பாருங்கள். இதற்கு 'பொமேட் ஆக்னே' என்று 1970-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். ராத்திரி எண்ணெய் தேய்த்துத் தூங்குபவர் என்றால் உங்கள் தலையணை உறையும் இந்தக் கேஸில் ஒரு சாட்சிதான்.

இரண்டு, நேரம். துளை அடைத்து, அது பருவாகக் கண்ணுக்குத் தெரிய பல வாரங்கள் ஆகும். எனவே நேற்றுப் போட்ட க்ரீமுக்கு இன்று காலை பரு வந்தால், பெரும்பாலும் அது அடைப்பு இல்லை. சருமம் எரிச்சலடைந்திருக்கலாம். அல்லது பழைய க்ரீமின் வேலை இப்போது வெளியே வந்திருக்கலாம். புதிதாக வந்த பாட்டில்மேல் பழி போடும் முன் இரண்டு மாதம் பின்னோக்கி யோசியுங்கள்.

அந்த 0 முதல் 5 மார்க் எங்கிருந்து வந்தது?

முயலின் காதிலிருந்து. நிஜமாகவே. 1972-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் க்ளிக்மேனும் ஓட்டோ மில்ஸும் அழகுப் பொருட்களால் வரும் பருவுக்கு 'ஆக்னே காஸ்மெடிகா' என்று பெயரிட்டார்கள். எந்தப் பொருள் துளையை அடைக்கிறது என்று பார்க்க, முயலின் காதுக்குள் தடவிப் பரிசோதித்தார்கள். 1989-ல் ஜேம்ஸ் ஃபுல்டன் அதே வழியில் நிறையப் பொருட்களுக்கு மார்க் போட்டு வெளியிட்டார். இன்று நெட்டில் சுற்றும் பட்டியல்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் இந்தப் பழைய வேலைதான்.

இதில் சிக்கல் என்ன? முயலின் காது மனித முகத்தைவிட ரொம்ப சென்சிடிவ். அங்கே அடைத்த பொருள் இங்கேயும் அடைக்கும் என்று சொல்ல முடியாது. அதோடு, இந்தச் சோதனைகளில் தனிப் பொருளை அதிக அளவில் தடவுவார்கள். உங்கள் க்ரீமில் அதே பொருள் அரை சதவீதம் இருக்கலாம். 2006-ல் சோய் ட்ரேலோஸும் ஜோசப் டினார்டோவும் காமெடோஜெனிக் பொருட்கள் சேர்த்துத் தயாரித்த க்ரீம்களை மனிதர்களிடமே சோதித்தார்கள். அத்தகைய பொருள் இருப்பதாலேயே ஒரு க்ரீம் துளையை அடைத்துவிடாது என்பதுதான் அவர்களின் முடிவு. 'மோசம்' என்று ஊரே திட்டும் மினரல் ஆயிலும், காஸ்மெடிக் தரத்தில் இருந்தால் மனிதச் சருமத்தை அடைப்பதில்லை.

அதனால் பட்டியலை ஒரு சந்தேகப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

'நான்-காமெடோஜெனிக்' என்ற வார்த்தைக்கு சட்டத்தில் என்ன அர்த்தம்?

இந்தியாவில் அழகுப் பொருட்களை ஆள்வது 1940-ம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப் பொருட்கள் சட்டமும், அதன் கீழ் 2020 டிசம்பரில் வந்த காஸ்மெடிக்ஸ் விதிகளும். பொய்யான, தவறாக வழிநடத்தும் விளம்பர வாசகம் கூடாது என்று விதி சொல்கிறது. ஆனால் 'நான்-காமெடோஜெனிக்' என்று எழுத இன்ன டெஸ்ட்டில் பாஸ் ஆகியிருக்கணும் என்று எந்த அளவுகோலும் இல்லை. அமெரிக்காவிலும் இதே நிலைமைதான். இதில் இன்னொரு விஷயம்: அழகுப் பொருட்களை விலங்குகளிடம் சோதிப்பதை இந்தியா 2014-ல் தடை செய்துவிட்டது. அதனால் முயல் காது டெஸ்ட் இங்கே சாத்தியமே இல்லை. மனிதர்களின் முதுகில் சில வாரங்கள் தடவிப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று உண்டு. நல்ல கம்பெனிகள் அதைச் செய்கின்றன. செய்தார்களா, எத்தனை பேரிடம் செய்தார்கள் என்று டப்பாவில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

'ஆயில் ஃப்ரீ' கதையும் இப்படித்தான். எண்ணெய் இல்லாமல், எண்ணெய்போல வழவழப்பு தரும் எஸ்டர்களைச் சேர்த்துவிட்டு அப்படி எழுதலாம். துளையை அடைப்பதில் பேர்போன சில பொருட்களே எஸ்டர்கள்தான்.

சரி, பின்பக்க லிஸ்ட்டை எப்படிப் படிப்பது?

விதிப்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவு அதிகமானதில் தொடங்கி வரிசையாக எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த 1 சதவீதக் கோடு எங்கே விழுகிறது? ஒரு சுலபமான அடையாளம், பினாக்ஸிஎத்தனால். இந்தப் பிரிசர்வேட்டிவை வழக்கமாக 1 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. லிஸ்ட்டில் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ரொம்பக் கொஞ்சம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதல் ஆறேழு பெயர்களுக்குள் இவை வந்தால் கவனியுங்கள்: ஐசோபுரோபைல் மைரிஸ்டேட், ஐசோபுரோபைல் பால்மிடேட், மைரிஸ்டைல் மைரிஸ்டேட், ப்யூட்டைல் ஸ்டியரேட், லாரிக் ஆசிட், அசிட்டிலேட்டட் லனோலின் ஆல்கஹால், கோகோ பட்டர், தேங்காய் எண்ணெய். கடைசி இரண்டும் லிஸ்ட்டில் தாவரவியல் பெயரில் ஒளிந்திருக்கும். கோகோ பட்டருக்கு 'தியோப்ரோமா ககாவோ', தேங்காய்க்கு 'கோகோஸ் நியூசிஃபெரா'. கை காலுக்குத் தேங்காய் எண்ணெய் அருமையான மாய்ஸ்சரைசர். பரு வரும் முகத்துக்கு அது வேறு கதை. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் ஆசிட்தான்.

பொருள் எந்த வடிவில் வருகிறது என்பதும் முக்கியம். ஒரு நிமிடத்தில் கழுவிவிடும் ஃபேஸ்வாஷில் இருந்தால் பெரிதாகக் கவலை வேண்டாம். எட்டு மணி நேரம் முகத்தில் இருக்கும் சன்ஸ்கிரீனிலோ நைட் க்ரீமிலோ இருந்தால் யோசிக்கணும்.

ஒரு ஓட்டையும் உண்டு. 60 மில்லிக்குக் குறைவான திரவங்களுக்கும், 30 கிராமுக்குக் குறைவான க்ரீம்களுக்கும் இந்த லிஸ்ட் கட்டாயம் இல்லை. 30 மில்லி சீரம், 20 கிராம் டியூப், ட்ரையல் பேக் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். பல பிராண்டுகள் தாமாகவே லிஸ்ட் போடுகின்றன. போடாததை வாங்காமல் இருப்பது உங்கள் கையில். ஆப்பில் வாங்கும்போது 'முக்கியப் பொருட்கள்' என்று மூன்று பெயரை மட்டும் காட்டினால், டப்பாவின் பின்பக்கப் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாப் பொடிப் பருவும் பருவா?

இல்லை. மூன்று குழப்பங்கள் சகஜம்.

ரெட்டினால், சாலிசிலிக் ஆசிட், கிளைகாலிக் ஆசிட் போன்றவை சருமம் புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டுகின்றன. உள்ளே ஏற்கனவே இருந்த அடைப்புகள் ஒரே நேரத்தில் வெளியே வரும். இதுதான் 'பர்ஜிங்'. வழக்கமாகப் பரு வரும் இடத்தில் வந்து, ஒன்றரை மாதத்துக்குள் அடங்கிவிடும். புதிய இடத்தில் வந்தாலோ அடங்காமல் போனாலோ, அது பர்ஜிங் இல்லை. ஹயலுரானிக் ஆசிட் மாதிரி ஈரப்பதம் மட்டும் தரும் பொருளுக்குப் பர்ஜிங் என்ற சாக்கு செல்லாது.

இரண்டாவது, எரிச்சல். ஒரே வாரத்தில் மூன்று 'ஆக்டிவ்'களைத் தொடங்கினால் சருமத்தின் பாதுகாப்பு அடுக்கு பழுதாகிறது. சிவந்து, எரிந்து, பொடிப் பொடியாக எழும்பும். இதற்கு நான்காவதாக ஒரு சீரம் வாங்குவது மருந்து இல்லை.

மூன்றாவது, பூஞ்சை. ஒரே அளவில், அரிப்போடு, நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் வந்தால் அது மலசீசியா என்ற ஈஸ்ட்டின் வேலையாக இருக்கலாம். புழுக்கமும் வியர்வையும் அதற்குக் கொண்டாட்டம். சென்னை, மும்பை, கொல்கத்தா வாசிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பரு க்ரீம் இதற்குக் கேட்காது, பூஞ்சைக்கான மருந்து வேண்டும்.

உங்கள் முகத்தின் வில்லனைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதல் படி, எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து தவிர. மிதமான ஃபேஸ்வாஷ், சிம்பிளான மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன். நான்கு முதல் ஆறு வாரம் இவ்வளவுதான்.

இரண்டாவது, பழைய பொருட்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது நான்கு வாரம். காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் அலர்ஜியைக் காட்டும், அடைப்பைக் காட்டாது. வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள்.

மூன்றாவது, லிஸ்ட்களை ஒப்பிடுங்கள். ஓர் உதாரணம்: ஒரு சன்ஸ்கிரீன், ஒரு நைட் க்ரீம், ஒரு ஃபவுண்டேஷன் மூன்றும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றிலும் பொதுவாக இருப்பவை கிளிசரின், டைமெத்திகோன், ஐசோபுரோபைல் பால்மிடேட். இப்போது பிரச்சினையே தராத மாய்ஸ்சரைசரை எடுங்கள். அதில் கிளிசரினும் டைமெத்திகோனும் இருக்கின்றனவா? அப்படியானால் அவற்றை அடித்துவிடுங்கள். மிச்சம் ஒரு பெயர். அது இல்லாத சன்ஸ்கிரீனைப் போட்டு ஆறு வாரம் பாருங்கள். முகம் தெளிந்தால் அந்தப் பெயரை போனில் சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் பட்டியலைவிட உங்களுக்கு இதுதான் பயன்படும்.

லிஸ்ட்டில் கண்ணுக்குப் படாத அந்தப் பொருள் எது?

ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்றவை. எக்ஸிமா மாதிரியான நோய்களுக்கு, டாக்டர் சொல்லும் காலத்துக்கு மட்டும், இவை நல்ல மருந்துகள். முகத்தில் தினமும் போட்டால் முதல் இரண்டு வாரம் சிவப்பு மறையும், நிறம் வெளுக்கும், பரு அமுங்கும். பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, ஒரே மாதிரியான பருக்கள் கூட்டமாகக் கிளம்பும். நிறுத்தினால் முகம் தீயாக எரியும். பயந்துபோய்த் திரும்பப் போடுவோம். அந்தச் சுழலில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதில் க்ளிக்மேன் பெயர் மறுபடி வருகிறது. மங்குவுக்காக 1975-ல் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்து ஒரு கலவை சொன்னவர் அவர்தான். அதன் மாற்று வடிவங்கள் இந்தியாவில் 'வெள்ளையாக்கும் க்ரீம்' ஆகி, மருந்துக் கடையில் கேட்டதும் கிடைக்கும் பொருளாகிவிட்டன.

அளவு எவ்வளவு என்று 2011-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வு காட்டியது. முகத்தோல் பிரச்சினையோடு தோல் மருத்துவர்களிடம் வந்த 2,926 பேரில் 433 பேர், அதாவது சுமார் 15 சதவீதத்தினர், முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 29 சதவீதத்தினர் நிறத்துக்காகவோ பொதுவான க்ரீமாகவோ போட்டார்கள். 24 சதவீதத்தினர் போட்டது பருவுக்காகவே! ஏறக்குறைய 60 சதவீதத்தினருக்கு அதைப் பரிந்துரைத்தவர் டாக்டரே இல்லை. அதிகம் காணப்பட்ட பக்கவிளைவு எது தெரியுமா? பரு.

தோல் மருத்துவர்களின் தொடர் கோரிக்கைக்குப் பிறகு, 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை 'ஷெட்யூல் ஹெச்'-க்குள் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நடைமுறையில் கவுன்ட்டரில் சீட்டு கேட்பார்களா என்பது உங்களுக்கே தெரியும். மேலும், பார்லரிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் பெயரில்லாத டப்பாக்களுக்கு லிஸ்ட்டே கிடையாது. ஒரு வாரத்தில் பருவும் கருமையும் மாயமானால், சந்தோஷப்படும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

டாக்டரிடம் எப்போது போகணும்?

ஆழமான, வலிக்கும் கட்டிகள் இருந்தால். தழும்பு விழுந்தால். மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்து வந்தால். மூன்று மாதம் எளிமையாக வைத்தும் குறையாவிட்டால். ஸ்டீராய்டு என்று சந்தேகப்படும் க்ரீமை மாதக்கணக்கில் போட்டிருந்தால் உடனே. அதை நிறுத்தும் வழியையும் டாக்டரே சொல்லட்டும்.

போகும்போது, பயன்படுத்தும் எல்லா டப்பாவின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துக் கொண்டுபோங்கள். ஹேர் ஆயிலையும் மறக்க வேண்டாம்.