கூடமும் கோணலாக இருக்கலாம்

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் பழமொழி. கணிப்பொறி பயிலும் மாணவரிடையே இதற்கு நேர்மாறான நிலையையே நான் காண்கிறேன். கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்க, தமக்கு ஆடத் தெரியவில்லை என்று மனம் சோர்ந்து ஒதுங்குகிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் ஜாவாவை நிறுவும்போது நேர்வது இதுதான்.

1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா மொழியை வெளியிட்டபோது, 'ஒரு முறை எழுதுக; எங்கும் இயக்குக' என்பதே அதன் முழக்கம். முழக்கம் பொய்யன்று. ஆனால், அதற்குள் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. ஜாவா எங்கே இருக்கிறது என்பதை அந்தந்தக் கணிப்பொறிக்கு யாரேனும் சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லும் குறிப்புகளுக்குச் 'சூழல் மாறிகள்' என்று பெயர். ஜாவாவைப் பொறுத்தவரை முதன்மையானவை இரண்டு: 'பாத்', 'ஜாவா_ஹோம்'.

கிரிவலம் வரும் அடியார் இந்திரலிங்கம் தொடங்கி ஈசானியலிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் வரிசையாகக் கண்டு செல்கிறார். 'பாத்' என்பதும் அத்தகைய வரிசையே. கட்டளை ஒன்றைத் தட்டினால், அதில் குறித்த அடைவுகளைக் கணிப்பொறி முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும். தேடியது கிடைத்த இடத்திலேயே நின்றுவிடும். முன்னால் பழைய பதிப்பு இருந்தால், பின்னால் உள்ள புதியதற்கு வேலையில்லை. 'ஜாவா_ஹோம்' வரிசையன்று, ஜாவா குடியிருக்கும் வீட்டின் முகவரி. டாம்கேட், மேவன் போன்ற மென்பொருள்கள் இம்முகவரியைத்தான் முதலில் பார்க்கின்றன. அதில் 'பின்' என்னும் உள் அடைவைக் குறிப்பது, வீட்டைக் கேட்டவருக்கு அடுக்களையைக் காட்டுவது போன்றது.

இவற்றை அறியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு செய்முறைக் குறிப்பில் கண்டபடி ஜாவாவின் அடைவை எழுதி, அரைப்புள்ளி இட்டு, பழைய 'பாத்' வரிசையைச் சேர்த்தேன். மறுகணமே கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்.எஸ்.' கட்டளைகூட இயங்கவில்லை. கணிப்பொறி கெட்டது என்று நடுங்கினேன். இப்படிப்பே எனக்கு ஒத்துவராது என்று அன்றிரவு முடிவும் செய்துவிட்டேன்.

காரணம் என்ன? அக்குறிப்பு விண்டோஸுக்கு உரியது. அங்கே அடைவுகளைப் பிரிப்பது அரைப்புள்ளி, லினக்ஸில் முக்காற்புள்ளி. லினக்ஸ் முனையத்தில் அரைப்புள்ளி இட்டால் 'இக்கட்டளை முடிந்தது' என்று பொருள். ஆகவே பழைய வரிசை முழுதும் நீங்கி, ஜாவாவின் அடைவு மட்டும் எஞ்சியது. முனையத்தை மூடிப் புதிதாகத் திறந்தேன், எல்லாம் சரியாயிற்று! அங்கே செய்த மாற்றம் அந்த முனையத்தோடு மறைந்துவிடும். நிலைத்திருக்க வேண்டுமானால் 'பேஷ்ஆர்சி' கோப்பில் எழுத வேண்டும். ஒரு நிறுத்தக்குறி என் படிப்பையே நிறுத்தப் பார்த்தது!

2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் வழங்கப்பட்டது. எனக்குத் தெரிந்த அண்ணன்மார் சிலர் அதைத் திறந்துகூடப் பாராமல் அழித்தார்கள். அவர்களைக் குறை கூறேன். பழுது வந்தால் எங்கே பார்ப்பது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இது. நிரல் எழுதக் கற்பிக்கும் முன், முதற் செய்முறை வகுப்பைச் சூழலுக்கு ஒதுக்குங்கள். 'விச் ஜாவா' என்று கேட்டு இருப்பிடம் அறியட்டும். 'ஜாவா' இயங்கியும் 'ஜாவாசி' கிடைக்காவிட்டால், இயக்கும் பகுதி மட்டுமே நிறுவப்பட்டுள்ளது, ஜே.டி.கே. தொகுப்பு இல்லை என்று உணரட்டும். வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தி, மாணவரே கண்டுபிடிக்கச் செய்யுங்கள். அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

நண்பர்களே, பிழைச் செய்தி நம்மை ஏசும் வசையன்று. வழி காட்டும் பலகை. இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவுமுன் அதை ஒருமுறை நின்று படியுங்கள். கோணலாயிருப்பது கூடமென்றால் அதை நிமிர்த்துவோம். ஆட்டத்தை விட்டு ஓட வேண்டாம்.