தளம் மாறினால் தமிழ் மாறலாமா?

கொடுமுடியில் தெற்கு நோக்கி வந்த காவிரி கிழக்கே திரும்புகின்றது. போக்கு மாறினும் நீர் அதே நீர். கணிப்பொறித் தமிழுக்கு அந்நிலை வாய்த்ததா?

கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் 1984 அளவில் டாசு தளத்திற்கென 'ஆதமி' எனும் தமிழ் எழுதுநிரலை ஆக்கினார். விண்டோசுக்கோ 'ஆதவின்' தனியே வேண்டியதாயிற்று. இயங்குதளம் மாறுங்கால் திரை, விசை, கோப்பு ஆகியவற்றைக் கையாளும் நிரற்பகுதிகளை மாற்றியே ஆகவேண்டும்; எழுதப்பட்ட தமிழோ மாறலாகாது. ஆனால், குறியெண்களும் ஆக்குநர்தோறும் வேறுபட்டமையால், ஒருவர் எழுதியது மற்றொருவர் பொறியில் கிறுக்கலாயிற்று. 'கெ' எனும் எழுத்தில் கொம்பை முதலில் வைத்துச் சேமித்தது திசுக்கி. ககரத்தை முதலில் வைப்பது ஒருங்குறி. இம்முறைமாற்றத்தையும் நிரலே செய்தாக வேண்டும்.

2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது நன்றே. எனினும் குறியெண் ஒன்றானால் மட்டும் போதாது. மூலநிரலும் நம் கையில் இருத்தல் வேண்டும். அதனை உடையவனே புதுத்தளத்திற்கேற்பத் திருத்த வல்லான். இல்லாதவன் பிறர் வாயிலில் காத்துக்கிடப்பான். தமிழ்மக்கள் வரிப்பணத்தில் உருவாகும் எழுதுநிரல் ஒவ்வொன்றின் மூலநிரலும், தமிழ் விளக்கத்தோடு, பொதுவில் வைக்கப்பெறுக!