உளியைக் கொடுத்தால் போதுமா?

மாமல்லபுரம் வீதிகளில் நடந்தால் உளிச் சத்தம் கேட்கும். சிலை வாங்கப் போகிறவர்கள் மட்டுமல்ல, தொழில் நடத்துகிறவர்களும் அங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

பிறரிடம் வேலையை ஒப்படைப்பது எப்படி? சிற்பிகளுக்கு அது நன்றாகத் தெரியும்!

கன்னியாகுமரிக் கடலில் நிற்கிறது திருவள்ளுவர் சிலை. பீடத்தோடு உயரம் 133 அடி. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் கணபதி ஸ்தபதி. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய சிற்பக் கல்லூரிக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர். 2011-ல் காலமானார்.

அத்தனை கல்லையும் அவர் ஒருவரே செதுக்கினாரா? ஆயிரக்கணக்கான கற்கள்! ஒருவரால் முடியுமா? பல சிற்பிகள் கரையிலே செதுக்கினார்கள். பிறகு பாறைக்குக் கொண்டுபோய் அடுக்கினார்கள். கல்லோடு கல் பொருந்தியது. காரணம், எல்லோர் கையிலும் ஒரே அளவு இருந்தது.

நான்கு பேர்

சிற்ப நூல்கள் வேலையை நான்கு பேருக்குப் பிரிக்கின்றன. திட்டம் போடுபவர் ஸ்தபதி. நூல் பிடித்து அளவு காட்டுபவர் சூத்திரகிராகி. வெட்டிச் செதுக்குபவர் தட்சகர். பாகங்களை இணைப்பவர் வர்த்தகி. அவரவர் வேலை அவரவருக்கு!

நம் ஆபீசுகளில் நடப்பது என்ன?

ஒரு மானேஜர் வேலையைக் கொடுக்கிறார், அளவைச் சொல்வதில்லை. இன்னொருவர் அளவைச் சொல்கிறார். ஆனால் நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து உளியைப் பிடுங்குகிறார். மூன்றாமவர் வேலையைத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறார். தவறு வந்தால் பழி கீழே இருப்பவன் தலையில்!

மூவரிடமும் வேலை செய்பவன் தொழில் கற்பதில்லை. மானேஜர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் ஆபீசும் படுத்துவிடுகிறது.

கண் திறப்பது யார்?

கோயில் சிலையைப் பலர் செதுக்கலாம். கடைசியில் கண் திறப்பவர் ஸ்தபதி. அது அவர் பொறுப்பு. மானேஜருக்கும் அப்படித்தான். அளவைச் சொல்லட்டும், ஆளை நம்பட்டும், நடுவில் ஒரு முறை நூல் பிடித்துப் பார்க்கட்டும். முடிவில் நல்லது கெட்டதுக்குத் தாமே முன்னால் நிற்கட்டும்.

வீட்டிலும் இதே கதைதான். "அவனுக்குத் தெரியாது" என்று எல்லாவற்றையும் அப்பாவே செய்தால், பிள்ளை எப்போது கற்பான்? சமையலறைப் பக்கமே விடாத அம்மா, மகளையும் மகனையும் பிறகு குறை சொல்லலாமா?

யாரிடம் எதை ஒப்படைப்பது என்பதற்கென்றே திருக்குறளில் ஓர் அதிகாரம் இருக்கிறது: தெரிந்து வினையாடல். அதைச் சொன்னவருக்குச் சிலை எழுந்ததும் அந்த வழியில்தான்!

முதல் கல் கோணலாகலாம். அதற்காக உளியைப் பிடுங்காதீர்கள். கோணலை எடுத்துக் காட்டி, அடுத்த கல்லை அதே கையில் கொடுங்கள்.